கணக்குப் பார்க்க வேண்டிய நோய்

(டி. கல்லுப்பட்டியில் பொதுமக்களிடையே மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் நின்று பேசுகிற எவரும் காந்தி நிகேதன் ஆசிரமத்தையும், அங்கே தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பாவையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1892ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர் அவர். காந்தியடிகளோடு சேர்ந்த பிறகு 1929-30ல் குஜராத்தில் மாத்தர் தாலுகாவின் நிலையை ஆராயப் போனார். குஜராத் வித்யாபீடம் என்ற கல்வி நிலையத்தின் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வரவையும் செலவையும் வரியையும் எழுதி வாங்கினார். விவசாயி ஏழை என்று சொல்வதோடு நிறுத்தாமல், எவ்வளவு ஏழை என்பதைக் கணக்கில் காட்டினார்.

சர்க்கரை நோயைப் பற்றிப் பேச வந்த நான் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. சர்க்கரை ஏறினால் வலிக்காது. இரத்தத்தில் 250 இருக்கும்போதும் ஒருவர் மாடு பிடித்துக் கட்டுவார், வரப்பு வெட்டுவார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார். "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்ற உணர்வை இந்த நோயில் நம்பவே கூடாது. அளந்தால்தான் தெரியும். நோய்க்கு உள்ள இதே விதிதான் மருந்துக்கும். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதும் அளந்தால்தான் தெரியும். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றுதான்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சாதாரண நிலையில் அத்தனை இரத்தத்திலும் சேர்ந்து இருக்கும் சர்க்கரை ஐந்து கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. நாம் சாப்பிடும் சோறு, இட்லி, கம்பங்கூழ் எல்லாமே செரித்துச் சர்க்கரையாகத்தான் இரத்தத்துக்கு வருகின்றன. அது அங்கேயே தங்கினால் ஆபத்து. தசைக்கும் கல்லீரலுக்கும் போய்ச் சேர வேண்டும். கண்மாயில் தண்ணீர் நிறைந்து நின்றாலும் மடை திறந்தால்தான் வயலுக்குப் பாயும். உடம்பில் அந்த மடையைத் திறக்கும் நீர்பாய்ச்சிதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது.

சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இதை முதல் வகை என்கிறோம். இவர்களுக்கு வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்தே ஆக வேண்டும். நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் சுரக்கிறது; ஆனால் வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்ந்த கொழுப்பால் அதன் வேலை எடுபடுவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகொடுத்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடுகிறது. பார்ப்பதற்கு ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது நம் நாட்டவருக்கு உள்ள தனிக்குறை. "நான் குண்டாவே இல்லையே, எனக்கு எப்படி சீனி வியாதி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் வாசலில் வந்து நிற்கிறது என்று பொருள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நோய் இருக்கிறது. வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல்.

"மருந்துக் கம்பெனிகள் விற்பனைக்காக அளவைக் குறைத்துவிட்டன" என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. வெறும் வயிற்று அளவு 140 ஆக இருந்தது, 1997ல் 126 ஆனது. அதுவரை உண்மை. ஏன் குறைந்தது என்பதைத்தான் அந்தச் செய்தி சொல்வதில்லை. கண்ணின் விழித்திரையைச் சோதித்துப் பார்த்தபோது, 140ஐத் தொடுவதற்கு முன்பே பாதிப்பு தொடங்குவது தெரிந்தது. மனிதர்களின் கண்ணைப் பார்த்துத்தான் எண்ணை மாற்றினார்கள்.

மருந்துகள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உண்மையான மருந்துக்கும் பொய் மருந்துக்கும் உள்ள வேறுபாடு அந்த வரலாற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இன்சுலின் மருந்தாக வருவதற்கு முன் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்குப் பட்டினி போடுவதைத் தவிர மருத்துவர்களிடம் வழி இல்லை. எலும்பும் தோலுமாகிச் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு இருப்பார்கள், அவ்வளவுதான். 1921ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர், மெக்லியாட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து சாறு பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியாகப் பலிக்கவில்லை. சாறு சுத்தமாக இல்லாததால் ஊசி போட்ட இடம் வீங்கிப் புண்ணாயிற்று. உடனே நிறுத்தினார்கள். காலிப் என்ற வேதியியலாளர் அந்தச் சாற்றைத் தூய்மைப்படுத்தித் தந்தார். ஜனவரி 23ல் மீண்டும் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, சிறுவன் தேறினான், இன்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

முதல் ஊசி தோற்றதை அவர்கள் மறைக்கவில்லை. அளந்தார்கள், போதாது என்று கண்டார்கள், நிறுத்தினார்கள், திருத்தினார்கள். எந்தப் பொடி வியாபாரியாவது "போன வருடம் கொடுத்தது பலிக்கவில்லை, அதனால் மாற்றியிருக்கிறேன்" என்று சொல்லி யாராவது கேட்டதுண்டா?

"இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல், எங்கள் மருந்து மூலிகை" என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வேரும் ஒரு மூலிகைதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை நாட்டு வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். அதில் உள்ள ஒரு பொருள் சர்க்கரையைக் குறைக்கிறது, ஆனால் நஞ்சாகவும் இருக்கிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. நஞ்சு நீங்கிய உறவுப் பொருள்களைத் தேடினார்கள். அவற்றில் ஒன்றான மெட்ஃபார்மினை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1957ல் பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் ஷான் ஸ்டெர்ன் அறிவித்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் என்ற மாத்திரை, இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டி உயிரைப் பறிக்கிறது என்று தெரிந்ததும் 1970களில் பல நாடுகள் அதைக் கைவிட்டன. மூலிகை என்பதற்காக ஒன்றை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சோதனையில் நின்றது இன்றும் நிற்கிறது.

நம் மாநிலத்துக்கும் இந்த வரலாற்றில் பெருமையான இடம் உண்டு. 1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து, முப்பது மாதங்கள் தொடர்ந்து பார்த்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39 பேர்தான் ஆனார்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். மாத்திரைக்கு நிகராக நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் நோயைத் தள்ளிப் போடுகின்றன என்று நம் மக்களிடமே அளந்து காட்டிய ஆய்வு அது.

இனி பொய் மருந்துகளுக்கு வருகிறேன். சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லச் சொல்லி, பிறகு வாயில் சீனியைப் போடுவார்கள். சீனி மணல் போல இருக்கும், இனிக்காது. "பார்த்தீங்களா, நாக்கிலேயே சர்க்கரையைக் கொன்னுடுச்சு, உடம்பில் விடுமா?" என்பார்கள். நடப்பது இதுதான்: அந்த இலையில் உள்ள அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. இரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சீனியை விழுங்கினால் அது வழக்கம் போலவே இரத்தத்தில் ஏறும்.

வேங்கை மர டம்ளரில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நிறம் மாறும். அந்த நிறத்தைக் காட்டி விற்கிறார்கள். வேங்கையை நான் இழிவாகப் பேசவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 1990களில் அதை ஆராய்ந்தது. ஆனால் அங்கே அளவு வைத்த சாற்றை, நோய் லேசாக இருந்தவர்களுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்துச் சோதித்தார்கள். உங்கள் டம்ளரில் எவ்வளவு சாறு இறங்கியது என்று விற்றவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. சதுரகிரி மலை மூலிகை என்ற பெயர் ஒட்டிய பொடிகளுக்கும் இதே கேள்விதான். மலையின் மேல் நமக்குள்ள பக்தி, பொட்டலத்துக்குள் இருப்பதற்குச் சான்று ஆகாது.

"ஆனால் எங்க மாமாவுக்குக் கேட்டுச்சே" என்பீர்கள். கேட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எது கேட்டது என்று பார்க்க வேண்டும். சர்க்கரை மிகவும் ஏறிக் கிடக்கும்போதுதான் ஒருவர் பொடியைத் தேடிப் போகிறார். உச்சத்தில் இருப்பது தானாகவே கொஞ்சம் இறங்கும். பொடியோடு பத்தியமும் சொல்கிறார்கள்: இனிப்பைத் தொடாதே, இரவில் சோறு வேண்டாம், காலையில் நட, சாராயம் கூடாது. ஆஸ்பத்திரியில் சொன்னபோது கேட்காதவர், காசு கொடுத்துப் பொடி வாங்கிவிட்டதால் ஒரு மண்டலம் ஒழுங்காகக் கேட்கிறார். பழைய மாத்திரையையும் பலர் நிறுத்தாமல் சாப்பிடுகிறார்கள். சர்க்கரை இறங்குகிறது. பெயர் பொடிக்குப் போகிறது. மண்டலம் முடிந்து பத்தியம் தளர்ந்ததும் சர்க்கரை திரும்பி ஏறுகிறது. அதற்குள் மாத்திரையையும் நிறுத்தியிருப்பார், இரத்தப் பரிசோதனைக்கும் போயிருக்க மாட்டார்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. மூலிகை என்று விற்பதில் இரகசியமாக இங்கிலீஷ் மாத்திரையையே அரைத்துக் கலப்பவர்கள் உண்டு. 2008ல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத ஏறக்குறைய 150 பேர், சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளைபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். "இரண்டே நாளில் இறங்கியது" என்று ஒரு பொடியைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் மகிழ்வதில்லை, அஞ்சுகிறேன். அளவு தெரியாத மாத்திரையை முதியவர் ஒருவர் இரவில் சாப்பிட்டுப் படுத்தால், காலையில் எழாமலே போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1954ல் வந்த மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம், சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றம் ஆக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. நாடறிந்த பதஞ்சலி நிறுவனம் இத்தகைய விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு ஆளாகி, 2024 ஏப்ரலில் நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட நேர்ந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், முகவரி இல்லாத பொட்டலத்தின் வாக்குறுதியை எப்படி ஏற்பது?

இரண்டாம் வகைக்காரர் பொய் மருந்தில் சில மாதங்களை இழந்தால், கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் மெல்ல விலை கொடுப்பார். முதல் வகைக் குழந்தைக்கு அந்த அவகாசமே கிடையாது. இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலமாகி, வாந்தி வந்து, மூச்சு வாங்கி, நினைவு தப்பும். உடம்பில் அடித்துக்கொண்டால் நச்சு வெளியேறும் என்று பயிலரங்கு நடத்திய ஒருவரை நம்பி, 2015ல் சிட்னியில் ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். 2016ல் இங்கிலாந்தில் அவருடைய பயிலரங்குக்குப் போய் இன்சுலினை நிறுத்திய 71 வயதுப் பெண்மணியும் இறந்தார். இரு நாட்டு நீதிமன்றங்களும் அந்த மனிதரைத் தண்டித்தன. இன்சுலின் போடத் தொடங்கிய சில வாரங்களில் சில குழந்தைகளுக்குத் தேவை வெகுவாகக் குறையும். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சக் காலம் தேறி வேலை செய்வதுதான் காரணம். அந்த நேரம் பார்த்து யாராவது பொடி கொடுத்தால் குணமானதாகத் தோன்றும். தாய்மார்களே, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: எந்த வேண்டுதலுக்காகவும் எந்த வைத்தியத்துக்காகவும் பிள்ளையின் இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

அப்படியானால் சர்க்கரை நோயிலிருந்து விடுதலையே இல்லையா? உண்மையைச் சொல்கிறேன். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்து 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த, உடல் எடை கூடிய இரண்டாம் வகைக்காரர்கள், மருத்துவக் கண்காணிப்பில் மிகக் குறைந்த உணவில் எடையைக் குறைத்தார்கள். ஓராண்டில் நூற்றுக்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 ஆனது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. இதை நாங்கள் தணிவு என்கிறோம், குணம் என்று சொல்வதில்லை. நம்பிக்கை உண்டு, ஆனால் அது உழைப்பில் வருகிறது, தொடர்ந்து அளக்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும், அதற்குத்தான் பரிசோதனை. டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பதாகவே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்சுலின் கடைசிக் கட்டம் என்பதும் தவறு. கணையம் தளரும்போது அது செய்த வேலையை வெளியிலிருந்து செய்கிறோம்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், ஆலையில் தீட்டிய அரிசிக்கு எதிராகக் கைக்குத்தல் அரிசியைப் பரப்பியது. தவிட்டோடு கூடிய அரிசியில் நாரும் சத்தும் இருப்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது. நம் கரிசல் காட்டில் விளையும் குதிரைவாலியும் நல்ல தானியம்தான். ஆனால் அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் ஏற்றும். காய்கறியும் பயறும் தட்டில் பாதிக்கு மேல் இருக்கட்டும், சோறு எந்த அரிசியாக இருந்தாலும் குறையட்டும்.

செய்ய வேண்டியவை சிலதான். முப்பது வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி, ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் புரதம், விழித்திரைப் பரிசோதனை. 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் அது இருக்க, சர்க்கரையால் பார்வையை இழக்கும் அளவுக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பாதத்தைத் தினமும் பாருங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில்லாமல் பழனிக்கு நடப்பதும், உச்சி வெயிலில் கோயில் கல்தரையில் நிற்பதும், பூக்குழி இறங்குவதும் வேண்டாம். சுட்டது தெரியாது, புண் ஆறாது. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மருந்துக்குக் காசில்லை என்று யாரும் நிறுத்த வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

மூலிகை மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு சித்த மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். படித்த சித்த மருத்துவர் பரிசோதனையைத் தடுக்க மாட்டார். இரண்டு மருந்தும் சாப்பிடுவதாக இரு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். பொடி விற்பவரிடம் கேளுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, யாருக்குக் கொடுத்து அளந்தார்கள், கெடுதல் வந்தால் யார் பொறுப்பு, உரிம எண் எங்கே? மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் டெஸ்ட் எடுக்காதே என்று சொன்னாலும், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பொய் மருந்து வாங்கியவரை ஏசாதீர்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று கேட்டதும் மனம் சோர்கிறது. ஊசியைக் கண்டால் பயம். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசித் திரும்புபவருக்கு, அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசும் பொடிக்காரர் சொந்தக்காரராகத் தெரிகிறார். அந்த அரை மணி நேரத்தை மருத்துவர்களாகிய நாங்கள் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏசினால் மறைப்பார்கள், மறைத்தால் நாங்கள் காப்பாற்ற முடியாமல் போகும். ஆகவே உங்கள் வீட்டில் ஒருவர் பொட்டலத்தோடு வந்தால், "மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, நாளைக்குப் போய் இரத்தம் கொடுத்துட்டு வருவோம்" என்று சொல்லிக் கூடவே போங்கள். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால், சாப்பாட்டுக்கு முன் ஊசி போட ஒரு மறைவான இடமும், மயக்கம் வந்தால் கொடுக்கக் கொஞ்சம் சீனியும் தயாராக வையுங்கள். இந்த இரண்டையும் இந்த ஊர் நாளையிலிருந்தே செய்யலாம். செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.